பயத்தைச் சொல்லி வண்டி எடுத்தவர்

எல்லோரும் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியதும், அக்கா ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து, முன்கண்ணாடி வழியே மூடுபனியைப் பார்த்து, "பயமா இருக்குங்க," என்பார். அதற்கப்புறம்தான் சாவியைத் திருப்புவார்.

குறிப்பாக யாரிடமும் அதைச் சொல்வதில்லை. குழம்பில் உப்புக் குறைவு என்று சொல்கிற மாதிரி, நடுக்கமோ பெருமூச்சோ இல்லாமல் வார்த்தை மட்டும் வரும். கேட்கிறவன்தான் கதவுப் பிடியைத் தேடுவான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பயணம் கிளம்பும்போது "எங்கே போறீங்க" என்றுகூட யாரும் கேட்க மாட்டார்கள். சக்கரத்துக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசுக்கி, கற்பூரம் சுற்றி, நல்ல வார்த்தையாக நாலு பேசிவிட்டு ஏறுகிற ஜனம் நாங்கள். யாராவது தும்மினால் இறங்கி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவோம். அப்படிப்பட்ட இடத்தில் வாடகைக் கார் ஓட்டுகிற பெண் எடுத்த எடுப்பிலேயே பயம் என்றால் யாருக்குப் பிடிக்கும்? ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது மாப்பிள்ளையின் அம்மா அந்த வார்த்தையைக் கேட்டதும் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் நடந்தே போனார். இவர் காரை உருட்டிக்கொண்டு அந்த அம்மாவுக்குப் பின்னாலேயே போயிருக்கிறார். "கோவத்துல வேகமா நடக்குறாங்க சார், வழுக்கி விழுந்துருவாங்களோன்னு பயமா இருந்துச்சு," என்று பிறகு என்னிடம் சொன்னார்.

தோட்டமே அவரைப் பயந்தாங்கொள்ளி என்றது. நான் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். முகத்துக்கு நேரே அக்கா என்று கூப்பிட்டுவிட்டு, அந்தப் பக்கம் போனதும் நானும் அதையேதான் சொன்னேன். ஆபீசில் உட்கார்ந்து பழகிய வாய்க்கு ஊரில் ஒருவரையாவது நக்கல் பண்ணாவிட்டால் டீ இறங்காது.

ஐம்பது வயதிருக்கும். குள்ளம். சீட்டில் மடித்த கம்பளி ஒன்றைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தால்தான் அவருக்கு ரோடு தெரியும். ஆண்கள் போடும் பழுப்பு சுவெட்டர், காது மூடிய குல்லா, எப்போதும் பெட்ரோல் வாசம் அடிக்கும் விரல்கள். காருக்கு அவரைவிட வயது அதிகம். ஏதோ ஒரு காலத்து வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன வண்டி, பல கை மாறி அவருடைய வீட்டுக்காரரிடம் வந்தது. வீட்டுக்காரருக்குச் சீனி வியாதியில் கண் போனது. அதன் பிறகு தோட்டத்து விளையாட்டு மைதானத்தில், பார்வையில்லாத அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டு "இப்ப ரெண்டாவதப் போடு, இப்ப மூணாவது" என்று சொல்லிக் கொடுத்து, இவர் ஓட்டப் பழகினார்.

பெட்ரோல் தட்டுப்பாடு வந்து, போனில் இருக்கும் கட்டம்போட்ட கியூஆர் படத்தைக் காட்டி வாராவாரம் அளந்து வாங்கிய நாட்களில்தான் அவருடைய பயம் இரண்டு மடங்காகியது. அந்த அளவு அவருடைய கிழட்டு வண்டிக்கு இரண்டு தடவை டவுன் போய்வரப் போதாது. மரக்கறி லொறிக்காரர் ஒருவர் கரும்பு விளையும் பக்கமிருந்து கேன்களில் சாராய ஸ்பிரிட் கொண்டுவந்து கொடுத்தார். நாலு போத்தல் பெட்ரோலுக்கு ஒரு போத்தல் ஸ்பிரிட் கலந்து ஓட்டினார். இன்னும் சில பேரும் அப்படி ஓட்டினார்கள். தைரியமாக ஓட்டினார்கள். அவர்களுடைய வண்டிகள் ஒவ்வொன்றாக ரோட்டோரத்தில் நின்றன.

"கீழ வட்டவள பக்கம் ஓட்டுறவனுக்கு இது ஒண்ணும் செய்யாது சார்," என்பார். "நம்ம குளிருக்குத்தான் ஆகாது. இந்த ஸ்பிரிட்டு தண்ணியக் கண்டா விடாது. மூடியத் தெறந்து வச்சீங்கன்னா பனியக் குடிச்சிக்கிட்டே கெடக்கும். பெட்ரோலோட சேந்து இருக்குற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. குளிரு ஏறிச்சின்னா பெட்ரோல உட்டுட்டுத் தண்ணியும் தானுமா அடியில எறங்கிரும். டாங்கியில கொழாய் அடியிலதானே இருக்கு? எஞ்சினுக்கு மொதல்ல போறது அந்தத் தண்ணிதான். எந்த வளைவுல போகும்னு யாருக்குத் தெரியும்?"

அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தார். டாங்கியில் ஊற்றிய கலவையில் கொஞ்சத்தை ஒரு ஜாம் போத்தலில் எடுத்து, இறுக்கி மூடி, தான் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டின் வாசல் கல்கட்டு மேல் ராத்திரி முழுக்கப் பனியில் வைத்துவிடுவார். விடிந்ததும் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். தெளிவாக இருந்தால் வண்டி ஓடும். அடியில் ஒரு விரல் உயரத்தில் கோடு விழுந்திருந்தால் ஓடாது. அன்றைக்கு யார் வந்து கேட்டாலும், பெரிய துரையே கேட்டாலும், "கோடு விழுந்துருச்சுங்க, பயமா இருக்கு, வடிச்சிட்டு மத்தியானம் வர்றேன்," என்பார்.

சீட்டுக்குக் கீழே ஒரு பிளாஸ்கும் இருக்கும். டீ என்று நினைத்து ஒரு முறை மேல் டிவிசன் கங்காணி மூடியில் ஊற்றிக் குடித்து, வெறும் சுடுதண்ணீர் என்று கண்டு முகம் சுளித்தார். மூடுபனிக்குள் மேலேறும்போது எஞ்சின் இருமி நின்றால், பொனெட்டைத் திறந்து கார்பரேட்டர் மேல் அந்தத் தண்ணீரை ஊற்றுவார். கொதிக்கிற எஞ்சினுடைய மூக்கில் மட்டும் வெள்ளையாக ஐஸ் பிடித்திருக்கும். நானே விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஸ்பிரிட் காற்றானால் அந்த இடத்தைக் குளிர வைத்துவிடுமாம். தண்ணீர் பட்டதும் அது உருகி, வண்டி மறுபடி கிளம்பும்.

சில வளைவுகளில் எல்லோரையும் இறக்கி நடக்கச் சொல்லிவிடுவார். தான் மட்டும் வண்டியை ஏற்றிக்கொண்டுபோய் மேலே நிற்பார். ஒருமுறை மழையில் இறக்கிவிட்டார் என்று நான் கத்தியிருக்கிறேன். "நனைஞ்சா காஞ்சிரும் சார்," என்றார்.

பொலிஸ்காரர் ஒருவர் செக் பொயின்டில் வண்டிக்குள் தலையை விட்டு மூக்கை உறிஞ்சினார். உள்ளே கசிப்புச் சாராயம் காய்ச்சும் இடம் மாதிரி மணந்தது. கேன் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். முன்சீட்டில் இருந்த நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா அவர் முகத்தைப் பார்த்து, "பயய் மாத்தயா," என்று அதே வார்த்தையைச் சிங்களத்தில் சொன்னார். பிறகு டாங்கி மூடியைத் திறந்து காட்டி, எதைக் கலந்தார், ஏன் கலந்தார், குளிரில் அது என்ன செய்யும், எந்த வளைவில் நிற்கும் என்று எல்லாவற்றையும் சொன்னார். பொலிஸ்காரர் எங்களைப் போகவிட்டார். போகும்போது மெதுவாகப் போங்கள் என்றும் சொன்னார். குற்றம் செய்தவன் எவனாவது பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வானா என்று நினைத்திருப்பார்.

எதற்கு இப்படி என்று ஒருநாள் கேட்டேன். பயமில்லாத மனிதன் யார், அதைப் பறைசாற்ற வேண்டுமா என்றேன்.

"எங்க வீட்டுக்காரரு கண்ணு மங்கிப் போயும் ஆறு மாசம் ஓட்டியிருக்காரு சார். யாருக்கும் மூச்சு விடல. நானும் புள்ளையும் பக்கத்துல ஒக்காந்து கோயிலுக்கெல்லாம் போயிருக்கோம். அவருக்கு உள்ளுக்குள்ள பயம்தான். சொன்னா வாடகை போயிரும், மரியாத போயிரும்னு கம்முனு இருந்திருக்காரு." அவர் கையைச் சுவெட்டரில் துடைத்துக்கொண்டார். "அத நெனச்சா இன்னைக்கும் எனக்குக் கை வேர்க்குது."

நான் ம் என்றேன். ஆனால் எனக்கு அது ஏறவில்லை. ஏனென்றால் எனக்கு ஒரு மகள் இருந்தாள்.

தர்ஷிக்கு அப்போது ஐந்து வயது. பிறந்ததிலிருந்தே மூச்சு இழுப்பு. பனிக்காலம் வந்தால் விடிகாலையில் தொடங்கும். முதலில் பூனை உறுமுவதுபோல் ஒரு சத்தம், பிறகு தொண்டைக்குழி உள்ளே போய்ப் போய் வரும். வாயில் மருந்து பம்ப் அடித்தும் அடங்காவிட்டால் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். எங்கள் ரோட்டில் அம்புலன்ஸ் ஏறி வந்து சேர்வதற்குள் காரில் போய்விடலாம். தோட்டத்தில் வாடகைக்கு இருந்தது அந்த ஒரு கார்தான். அந்தப் பனிக்காலத்தில் மட்டும் நாலைந்து தடவை அக்கா எங்களைக் கொண்டுபோனார். நேரம் காலம் பார்க்காமல் வந்தார். வந்து, ஏறி உட்கார்ந்து, அந்த வார்த்தையைச் சொன்னார்.

ஒவ்வொரு தடவையும் என் மகள் அதைக் கேட்டாள். கேட்டதும் அவளுடைய கண் பெரிதாகும், மூச்சு இன்னும் வேகமாகும். உண்மையிலேயே அதனால்தானா என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அப்போது எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பிள்ளைக்கு மூச்சு முட்டும்போது தகப்பனுக்கு யார் மேலாவது கோபம் வர வேண்டும். குளிரிடம் கோபித்து என்ன பயன்?

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, மனைவியும் மகளும் இறங்கிப் போன பிறகு, நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அக்கா, ஒங்க பயத்த ஒங்களோட வச்சிக்கங்க. எம் புள்ள காதுல அந்த வார்த்த இனிமே விழக்கூடாது. அப்புடி சொல்றதா இருந்தா நீங்க வரவே வேணாம்," என்றேன். ஆபீசில் கூலியாட்களிடம் பேசுகிற குரலில் சொன்னேன். அந்தக் குரல் எனக்கு நன்றாக வரும்.

அவர் "சரிங்க சார்," என்றார்.

அடுத்த இரண்டு பயணங்களில் அவர் வாயே திறக்கவில்லை. வளைவுகளில் யாரையும் இறக்கவும் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. என் மனைவிதான் வீட்டில் வந்து, "அக்கா பேசாம வர்றது எனக்கு என்னமோ மாதிரி இருக்குங்க," என்றாள். உனக்கு எதுதான் என்னமோ மாதிரி இல்லை என்றேன்.

பிறகு அந்தக் காலை வந்தது. முதல்நாள் பகலெல்லாம் வானம் வெளுத்து வெயில் அடித்திருந்தது. அப்படி அடித்தால் மறுநாள் புல்லில் வெள்ளைப் பனி உறைந்து கிடக்கும், கொழுந்து கருகும். விடியும்போதே தர்ஷிக்கு இழுப்பு வந்துவிட்டது. பம்ப் இரண்டு தடவை அடித்தும் கேட்கவில்லை. நான் கம்பளியைச் சுற்றிக்கொண்டு லயத்துக்கு ஓடினேன்.

அக்கா வாசலில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். கையில் ஜாம் போத்தல். என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவர் அதைக் கட்டின் மேல் வைத்தார். நான் போத்தலைப் பார்த்தேன். அதில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. "புள்ளைக்கு முடியல, சீக்கிரம்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வாய் ஒரு தடவை திறந்து மூடியது. சாவியை எடுக்க உள்ளே போனார்.

நானு ஓயா டவுனைத் தாண்டி மேலே ஏறும் வரை வண்டி நன்றாகத்தான் போனது. மனைவி பின்சீட்டில் மகளை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தாள். நான் பக்கத்தில் இருந்து முதுகைத் தேய்த்தேன். லயங்கள் முடிந்து, வெறும் மரக்கறித் தோட்டம் இரண்டு பக்கமும் வந்த இடத்தில் எஞ்சின் ஒருமுறை குலுங்கியது. இன்னொரு முறை குலுங்கி நின்றுவிட்டது.

அக்கா பிளாஸ்கை எடுத்துக்கொண்டு இறங்கினார். தண்ணீர் ஊற்றினார். ஆவி எழுந்தது. வந்து சாவியைத் திருப்பினார், பிடிக்கவில்லை. மறுபடி ஊற்றினார். பிளாஸ்க் காலியானது. மூன்றாவது தடவை சாவியைத் திருப்பியதும் காரின் பட்டறி முனகியது. ரோட்டில் மேலேயும் கீழேயும் ஒரு வாகனம்கூட இல்லை. பெட்ரோல் இல்லாத நாட்களில் விடிகாலை ரோடு அப்படித்தான் இருந்தது. போனில் சிக்னல் ஒரு கோடு வந்து போனது.

அவர் தகர டப்பா ஒன்றையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்தார். உறைபனி உருகிய சேற்றில் அவருடைய சுவெட்டர் நனைவது தெரிந்தது. டாங்கியின் அடி நட்டைக் கழற்றப் பார்த்தார். விரல் மரத்துப்போய் ஸ்பேனர் நழுவி நழுவிக் கல்லில் விழுந்தது. நான் ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தத்தை எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று தெரியாது.

மகளுடைய உதடு நீலமாக மாறிக்கொண்டிருந்தது. உறுமல் சத்தம் குறைந்தது. சத்தம் குறைந்தால் நல்லதில்லை என்று ஒரு நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். என் மனைவிக்கும் அது தெரியும். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. "ஒண்ணுமில்லடா, இந்தா போயிருவோம், ஒண்ணுமில்ல," என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் மகள் என் முகத்தையே பார்த்தாள். நான் சொன்ன எதையும் அவள் நம்பவில்லை. என் உடம்பில் ஓடிய நடுக்கம் அவளைப் பிடித்திருந்த கை வழியாக அவளுக்குள்ளே போய்க்கொண்டிருந்தது. அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பட்டதில்லை.

நட்டுக் கழன்றது. டப்பாவில் முதலில் விழுந்தது பாலைக் கலக்கிய மாதிரி ஒரு நீர். அக்கா அதை முகர்ந்து பார்த்து ஊற்றிவிட்டு, மறுபடி பிடித்தார். பெட்ரோல் நிறம் வந்ததும் நட்டை முடுக்கினார். பிறகு கார்பரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றி, உதறி, வாயால் ஊதி, மாட்டினார். இத்தனை நேரமும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். பட்டறி இரண்டு முனகல் முனகியது. எஞ்சின் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் மகளை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். வண்டி நின்றுவிட்டது என்றேன். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று ஆரம்பித்தவர், என் மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முகத்தில் மாஸ்க் வைத்து, கையில் ஊசி குத்தி, வெகுநேரம் கழித்து தர்ஷியின் உதட்டுக்கு நிறம் திரும்பியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் வெளியே வந்தேன்.

அக்கா காருக்குப் பக்கத்தில் ஈரச் சுவெட்டரோடு நின்றார். எனக்கு அப்போதும் கோபம்தான் முதலில் வந்தது.

"காலையில போத்தலப் பாத்தீங்களா?"

"பாத்தேங்க."

"கோடு இருந்துச்சா?"

"இருந்துச்சு. ரெண்டு வெரலு ஒசரம்."

"அப்ப ஏன் சொல்லல?"

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோலச் சொன்னார். "சொல்ல வேணாம்னீங்க சார். சொன்னா வரவே வேணாம்னீங்க. வேற வண்டியும் இல்ல, நான் வராட்டிப் புள்ளைய எப்புடிக் கொண்டு போவீங்க?" பிறகு கொஞ்சம் யோசித்து, "வாய்விட்டுச் சொன்னாத்தான் சார் எனக்கே அது பயம்னு தெரியும். சொன்னா அடுத்தது என்னா செய்யணும்னு தெரிஞ்சிரும். வாசல்லயே வடிச்சிருப்பேன். காஞ்ச கல்லுத் தரை, அடுப்புல சுடுதண்ணி இருந்துச்சு, கால் மணி நேரம் போதும். சொல்லாம அடக்குனா அது வெறும் குளிரு மாதிரி ஒடம்புக்குள்ள கெடக்குது. கை கால் ஓட மாட்டேங்குது," என்றார்.

நான் வார்டுக்குத் திரும்பிப் போனேன். 

தர்ஷி ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள். மறுவாரம் கிளினிக்குக்குக் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். நான் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு அக்காவின் லயத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன் வாழைப்பழத்தைத்தான் தூக்கிக்கொண்டு போவான். உள்ளே காம்பராவில் அவருடைய வீட்டுக்காரர் என் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பிக் கும்பிட்டார். அக்கா பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பிள்ளை எப்படி இருக்கிறாள், சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் சொன்னேன். வியாழக்கிழமை காலையில் வர முடியுமா என்று கேட்டேன். இனி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டு வாருங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். "வேற யாரையாச்சும் பாருங்க சார். மேல் டிவிசன்ல ஒரு வேன் இப்ப ஓடுது. நான் சொல்லி விடுறேன்."

"ஏங்க்கா? ஸ்பிரிட்டு கலந்திருக்கீங்களா இன்னும்?"

"அதுக்கு எனக்கு வழி தெரியும். தண்ணி எறங்குனா வடிச்சிருவேன், ஐஸ் புடிச்சா ஊத்திருவேன். ஒங்களுக்குத்தான் எனக்கு வழி தெரியல. ஒங்க புள்ளைய ஏத்தி, ஒங்களப் பின்னால வச்சிக்கிட்டு என்னால ஓட்ட ஏலாது. ஒங்களப் பாத்தா பயமா இருக்கு சார்."

அதே குரல்தான். உப்புக் குறைவு என்கிற குரல். அதில் கோபம் இருந்தால் நான் கெஞ்சியிருப்பேன், வருத்தம் இருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி தர்ஷிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"வர்றாங்களாமா?"

"இல்லயாம்."

"ஏனாம்?"

"பயமா இருக்காம்," என்றேன்.

என்ன பயம் என்று அவள் கேட்கவில்லை.